கோழி ஏன் வீட்டுக்குள்ள வருது

நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம்ங்க. வீட்டைச் சுத்தி நாட்டுக்கோழிய அவுத்துவிட்டு வளர்க்கறவங்க எங்கிட்ட அதிகமா கேக்கற கேள்வி ஒண்ணு இருக்கு, "அக்கா, கோழி வீட்டுக்குள்ள வராம இருக்க என்னதான் பண்றது"ன்னு. அடிச்சு வெரட்டியாச்சு, தண்ணி ஊத்தியாச்சு, மறுபடியும் அடுப்படில நிக்குதுன்னு சொல்லுவாங்க. நான் அவங்கள திருப்பிக் கேக்கறது, அது உள்ள வந்ததும் நேரா எங்க போகுதுன்னு பாத்தீங்களா? அதப் பாத்துட்டா பாதி வேலை முடிஞ்சுதுங்க, ஏன்னா கோழி காரணம் இல்லாம உள்ள வராது, வெளிய கிடைக்காத ஏதோ ஒண்ணு உள்ள கிடைக்குது, அவ்ளோதான்.

மொதல்ல தீனி. நம்ம வீடுகள்ல காலைல வாசல்ல அரிசி மாவுல கோலம் போடறோம், எறும்பு குருவி எல்லாம் தின்னட்டும்னுதான் போடறோம், ஆனா கூட்ட அதுக்கு முன்னாடியே தெறந்துவிட்டா கோழிக்கு அன்னிக்கு மொதல் சாப்பாடு நம்ம வாசப்படிலதான். அங்கருந்து ஒரு எட்டு வெச்சா திண்ணை, இன்னொரு எட்டு வெச்சா வீடு. அதனால கூட்ட தெறக்கறதுக்கு முன்னாடி கூட்டுப் பக்கத்துலயே ஒரு கை கம்போ சோளமோ எறைச்சுட்டு அப்புறம் கதவத் தெறங்க. சாயந்தரம் அடைக்கறப்பவும் அதே எடம், அதே "பா பா பா" சத்தம். வாசல்ல நின்னு போடவே கூடாதுங்க. பாட்டி திண்ணைல உக்காந்து அரிசி பொடைக்கறப்ப நொய்ய அப்படியே வாசல்ல தட்டுவாங்க, பசங்க சாப்பிட்ட தட்ட படிக்கட்டுல ஒதறுவாங்க, இந்த ரெண்டயும் நிறுத்தாம வேற எது பண்ணாலும் பிரயோஜனம் இல்ல. பாத்திரம் கழுவற எடத்துல பருக்கை தேங்காம பாத்துக்கோங்க, மொளகா நெல்லு எதாச்சும் காயப்போட்டா மேல வலையப் போட்டு மூடிடுங்க.

தீனிக்கு எங்க ஊர்ப் பக்கம் ஒரு பழைய வழி உண்டு, கோழிய வீட்டவிட்டு தள்ளி நிறுத்தறதுக்கு இதவிட நல்லது நான் பாத்ததில்ல. ஒடஞ்ச பானை ஒண்ணு எடுத்து அதுல காஞ்ச சாணி, கோணிச்சாக்குத் துண்டு, தென்னமட்டை நாரு எல்லாம் திணிச்சு தண்ணி தெளிச்சு, சாயந்தரமா தோட்டத்துல கரையான் இருக்கற எடமா பாத்து கவுத்து வெச்சுடணும். விடிஞ்சு தெறந்தா உள்ள கரையான் மொய்க்கும். அத ஒதறிவிட்டா தாய்க்கோழியும் குஞ்சும் அந்த எடத்தவிட்டு நகராது, பானைய தெனம் வெச்சா காலைல அதுங்களே அங்க ஓடும்.

அடுத்தது முட்டை, பெரிய காரணமே இதுதாங்க. முட்டைக்கு வந்த வெடைக்கோழிய கவனிச்சுப் பாருங்க, கொண்டை நல்லா செவந்திருக்கும், கழுத்த நீட்டிகிட்டு அடித்தொண்டைல ஒரு மாதிரி முனகிகிட்டே ஒவ்வொரு மூலையா எட்டிப் பாக்கும், கட்டிலுக்கு அடில, அரிசி மூட்டை சந்துல, தொவைக்காத துணிக்கூடைல. அது தேடறது இருட்டா, மறைவா, ஆள் நடமாட்டம் இல்லாத எடம். அது வெளிய இல்லன்னா நம்ம பீரோவுக்குப் பின்னாடிதான் வரும், ஒருதடவ அங்க இட்டுடுச்சுன்னா அடுத்ததும் அங்கதான். அதனால நாலஞ்சு கோழிக்கு ஒண்ணுன்னு கணக்கு வெச்சு, ஒரு அடிக்கு ஒரு அடி இருக்கற மரப்பெட்டியோ பழைய கூடையோ கூட்டுக்குள்ள இருட்டான பக்கமா வைங்க, உள்ள வைக்கோல் போட்டு ஒரு வெள்ளைக் கூழாங்கல்லையோ மர முட்டையவோ வெச்சுடுங்க. ஏற்கனவே முட்டை கெடக்கற எடத்துல இடத்தான் கோழிக்குப் பிடிக்கும். ஒரு முட்டை உருவாக கிட்டத்தட்ட 25 மணி நேரம் ஆகறதால தெனமும் இடற நேரம் கொஞ்சம் கொஞ்சமா தள்ளிப் போகும், நேத்து இந்த நேரத்துக்கு இட்டுச்சேன்னு நம்பி கதவத் தெறந்து போட்டுடாதீங்க. உள்ள இட்டு பழகின கோழிய காலைல மட்டும் கூட்டுக்குள்ளயே பஞ்சாரத்தால, அதாவது கோழிய கவுத்து மூடற பெரிய கூடையால மூடி பெட்டிப் பக்கத்துல வெச்சு, இட்டதுக்கு அப்புறம் விடுங்க, தண்ணி மட்டும் உள்ள இருக்கட்டும். கொஞ்ச நாள்ல மாறிடும்.

வெயில் காலத்துல வேற கதை. கோழிக்கு வேர்க்காது, வாயத் தெறந்து மூச்சு வாங்கித்தான் ஒடம்புச் சூட்ட தணிக்கணும், அதனால மத்தியானம் சிமெண்ட் தரை ஜில்லுன்னு இருக்கேன்னு உள்ள வந்து படுக்குது. பாவம் அது. வேப்பமரமோ முருங்கையோ நெழல் இருக்கற எடத்துல அகலமான மண்சட்டில தண்ணி வெச்சு, சுத்தி மண்ண நனைச்சு விடுங்க. கொஞ்சம் தள்ளி காஞ்ச மண்ணும் அடுப்புச் சாம்பலும் கலந்த ஒரு குழி இருந்தா அங்கயே பொரண்டு மண்ணு குளிச்சிட்டு கெடக்கும், பேனும் கொறையும்.

பொழுது சாயறப்ப கூட்டுக்குப் போகாம ஜன்னல்லயும் வண்டி சீட்டுலயும் ஏறி உக்காருதா, அப்ப கூட்டத்தான் சந்தேகப்படணும். பகல்ல பலகை இடுக்குல ஒளிஞ்சிருந்து ராத்திரி ரத்தம் குடிக்கற, பேன் மாதிரி சின்னப் பூச்சி உண்டு. இடுக்கெல்லாம் தேய்ச்சுக் கழுவி சுண்ணாம்பு அடிங்க.

குஞ்சுங்கள வீட்டுக்குள்ள அட்டைப்பெட்டில பல்பு போட்டு வளர்க்கறீங்கன்னா அதுங்களுக்கு வீடுதான் கூடு, வளந்தப்புறம் வெளிய போன்னா போகாது. பசங்க ஆசையா வெச்சுக்குவாங்க, எனக்குப் புரியுது, ஆனா அந்தப் பெட்டிய மொதல் நாள்லருந்தே கூட்டுப் பக்கம் பூனை புகாத எடத்துல வைங்க.

கதவுக்கு அரைக்கதவு போடறவங்க மேல பலகை அகலமா வைக்காதீங்க, கோழி மொதல்ல அதுமேல ஏறி நின்னு அப்புறம்தான் உள்ள குதிக்கும். நிக்க எடமே இல்லாத மாதிரி மீன் வலைய மேலருந்து தொங்கவிட்டு கீழ கொஞ்சம் கனமா ஏதாச்சும் கட்டிட்டா நல்லாவே தடுக்கும். றெக்கைய வெட்டலாமான்னு கேப்பாங்க, ஒரு பக்கம் மட்டும் பெரிய எறகுங்கள வெட்டுவாங்க, எனக்கு அதுல சம்மதமே இல்லங்க, நாயும் கீரியும் சுத்தற எடத்துல பறக்க முடியாத கோழி எப்படித் தப்பிக்கும்?

உள்ள வந்துட்டா துரத்தாதீங்க, பயத்துல கட்டிலுக்கு அடிலதான் பூரும், அங்கயே எச்சமும் போடும். ஒரே ஒரு கதவ நல்லா தெறந்து வெச்சு, பின்னாடி நின்னு ரெண்டு கையையும் தாழ்வா விரிச்சுகிட்டு மெதுவா நடங்க, தானா வெளிய போயிடும். எச்சம் விழுந்த எடத்த சோப்புத் தண்ணி போட்டுத் தொடைங்க, அதுல வயித்துப்போக்கு உண்டாக்கற சால்மோனெல்லா கிருமி இருக்கலாம், தரைல தவழற கொழந்தை இருக்கற வீட்டுல இத தள்ளிப்போடவே கூடாது. கோழியத் தூக்கி வெளையாடின பசங்க சோப்பு போட்டு கை கழுவிட்டுத்தான் சாப்பிட உக்காரணும்.

நன்றிங்க, வணக்கம்.