தரங்கம்பாடியின் கதை 1620-இல் தொடங்கவில்லை

எல்லோருக்கும் வணக்கம். தரங்கம்பாடி எப்படித் தோன்றியது, அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று பேசச் சொல்லியிருக்கிறீர்கள். யாரைக் கேட்டாலும் 1620, டேனிஷ்காரர்கள், டேன்ஸ்போர்க் கோட்டை என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். நான் அங்கிருந்து ஆரம்பிக்கப் போவதில்லை.

கோட்டையிலிருந்து கரையோரமாகச் சில நிமிடம் நடந்தால் மாசிலாமணிநாதர் கோயில். முதலாம் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306 வாக்கில் எழுந்தது. அதாவது கோட்டைக்குக் கடைக்கால் போடுவதற்கு முந்நூறு வருஷம் முன்பே அந்த மணலில் கற்கோயில் எழுப்பும் அளவுக்கு வசதியான ஓர் ஊர் இருந்திருக்கிறது. அந்தக் கோயில் கல்வெட்டு ஊரைச் 'சடங்கன்பாடி' என்கிறது, 'குலசேகரன்பட்டினம்' என்று இன்னொரு பெயரும் தருகிறது. பட்டினம் என்றால் கப்பலும் வணிகரும் வந்துபோகும் கடற்கரை ஊர். டேனிஷ்காரர்கள் ஆளில்லாத கடற்கரையில் வந்து ஊரை உண்டாக்கினார்கள் என்ற எண்ணம் இந்த ஒரு பெயரிலேயே அடிபட்டுப் போகிறது.

இப்போது பெயருக்கு வருவோம். தரங்கம் என்றால் அலை, சரி. ஆனால் சுற்றுலா விளம்பரங்களில் 'பாடும் அலைகளின் ஊர்' என்று போடுகிறார்களே, அது எனக்கு மனசு ஒப்பவில்லை. பாடி என்றால் குடியிருப்பு, ஊர். வாணியம்பாடி, காட்பாடி, திருமழபாடி, இங்கெல்லாம் யாரும் பாட்டைத் தேடுவதில்லை. கல்வெட்டிலிருந்து இன்றுவரை மாறாமல் வந்திருப்பதும் அந்தப் 'பாடி'தான். அரசன் பெயரில் வந்த குலசேகரன்பட்டினம் வழக்கிலிருந்து போய்விட்டது, சடங்கன் இருந்த இடத்தில் தரங்கம் வந்துவிட்டது, பாடி மட்டும் எழுநூறு வருஷமாக நிற்கிறது. அப்புறம் ஐரோப்பியர் வாயில் அது ட்ராங்குபார் ஆயிற்று. தூத்துக்குடியை டூட்டிகோரின் என்று சொன்னவர்கள்தானே! நம்முடைய 'டி' அவர்கள் காதில் ரகரமாக விழுந்திருக்கிறது.

டேனிஷ்காரர்கள் வந்த கதையும் நேராக வந்த கதை இல்லை. மன்னர் நான்காம் கிறிஸ்டியன் 1616-இல் டேனிஷ் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அனுமதி கொடுக்கிறார், 1618-இல் ஓவே கெடே என்ற இளைஞர் தலைமையில் கப்பல்கள் கிளம்புகின்றன, ஆனால் அவர்கள் குறி வைத்தது இலங்கையை, கண்டி அரசரோடு ஒப்பந்தம் போட்டு வியாபாரம் செய்யலாம் என்று. அது நடக்கவில்லை. முன்னால் போன ரோலண்ட் கிராப் என்பவருடைய கப்பலைக் காரைக்கால் பக்கத்தில் போர்த்துகீசியர் அழித்துவிட, உயிர் தப்பிக் கரையேறியவர்கள் தஞ்சாவூர் அரண்மனைக்குப் போய்ச் சேர்கிறார்கள். போர்த்துகீசியருக்குப் போட்டியாக இன்னொரு வாங்கும் கை இருந்தால் நல்லது என்று தஞ்சாவூர் அரசர் ரகுநாத நாயக்கர் கணக்குப் போட்டிருப்பார் என்றே நினைக்கிறேன். தரங்கம்பாடியில் கோட்டை கட்டி வியாபாரம் செய்ய அனுமதித்து 1620 நவம்பரில் ஒப்பந்தம் ஆனது. டேனிஷ் மன்னருக்கு அவர் தங்க ஏட்டில் தமிழில் எழுதி அனுப்பிய கடிதம் இன்றும் கோபன்ஹேகனில் இருக்கிறது. கொடுத்தவர் நாயக்கர், வாங்கியவர்கள் விருந்தாளிகள். இந்த வரிசை மாறக் கூடாது.

மற்றதெல்லாம் உங்களுக்குத் தெரியும். 1706-இல் சீகன்பால்க் என்ற ஜெர்மன் பாதிரியார் வந்தார், அச்சகம் வந்தது, 1715-இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு முடிந்தது. 1845-இல் டேனிஷ்காரர்கள் தரங்கம்பாடியையும் வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விற்றுவிட்டார்கள். ஊரில் இருந்தவர்களை ஒரு வார்த்தை கேட்டிருப்பார்களா? பிறகு நாகப்பட்டினத்துக்கு ரயில் வந்ததும் வியாபாரம் அந்தப் பக்கம் சாய்ந்தது.

எனக்குக் கவலையெல்லாம் அந்தக் கோயில்தான். கோட்டையைப் பார்க்க வருகிறவர்களில் பலர் கோயில் பக்கம் திரும்புவதே இல்லை. அதன் முன்பகுதியைக் கடல் எப்போதோ கொண்டுபோய்விட்டது. கருங்கல் கொட்டித்தான் மிச்சத்தைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். ஊரின் பழைய பெயரைச் சொன்ன கட்டடம் அது. கோட்டைக்குள் அருங்காட்சியகம் இருக்கிறது, டேனிஷ்காலத் தெருக்களும் வீடுகளும் புதுப்பிக்கப்பட்டிருக்கின்றன, எல்லாம் நல்ல வேலை, குறை சொல்லவில்லை. அதோடு கோயில் வாசலிலும் ஊர் நுழைவிலும் கல்வெட்டு சொல்லும் பெயர்களைப் பெரிய எழுத்தில் எழுதி வைக்க வேண்டும். சடங்கன்பாடி, குலசேகரன்பட்டினம், அப்புறம் தரங்கம்பாடி, இந்த வரிசையில். இங்கே வந்திருக்கிற ஊர்க்காரர்கள் நாலு பேர் கையெழுத்துப் போட்டு மனு கொடுக்கத் தயார் என்றால், வாசகத்தை எழுதித் தரும் வேலையை நான் ஏற்றுக்கொள்கிறேன். கூட்டம் முடிந்ததும் மேடைப் பக்கம் வாருங்கள், பேசுவோம்.