அந்த ஆறு பேரும் காரணம் சொல்லவில்லை

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

குற்ற வழக்கில் மரபணுச் சோதனை போன்ற தொழில்நுட்பக் கருவியைவிட, வழக்கைக் கேட்டுக் குற்றம் உண்டா இல்லையா என்று சொல்லும் பொதுமக்களான ஜூரிகளையே நம்பலாம் என்று எதிரணியினர் பேசி அமர்ந்த இந்த மேடைக்குச் சில கிலோமீட்டர் தொலைவில், பாரிமுனையில், நம் உயர் நீதிமன்றம் இருக்கிறது. 1945-இல் பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் அங்கே ஒன்பது ஜூரிகள் அமர்ந்தார்கள். ஆறு பேர் குற்றம் உண்டு என்றார்கள். மூன்று பேர் இல்லை என்றார்கள். அந்த ஆறுக்கு மூன்று என்ற கணக்கில்தான் தியாகராஜ பாகவதரும் என்.எஸ்.கிருஷ்ணனும் சிறைக்குப் போனார்கள். வழக்கு, அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று திரும்பிய பிறகு, 1947-இல் உயர் நீதிமன்றம் மேல்முறையீட்டை மீண்டும் கேட்டு இருவரையும் விடுவித்தது. ஆனால் பாகவதருக்குத் திரையில் பழைய இடம் கடைசிவரை கிடைக்கவே இல்லை. அந்த ஆறு பேர் எந்தச் சாட்சியை நம்பினார்கள், எதைத் தள்ளினார்கள்? ஜூரி காரணம் எழுதுவதில்லை என்பதால், இன்றுவரை யாருக்கும் தெரியாது.

இங்கிலாந்தின் லெஸ்டர் அருகே 1983-இலும் 1986-இலும் இரண்டு சிறுமிகள் கொல்லப்பட்டார்கள். இரண்டாவது கொலையைத் தான் செய்ததாகப் பதினேழு வயதுப் பையன் ஒருவன் போலீசிடம் ஒப்புக்கொண்டான். லெஸ்டர் பல்கலைக்கழகத்து அலெக் ஜெஃப்ரீஸ், கிடைத்த தடயங்களை மரபணுச் சோதனைக்கு உட்படுத்தி, இரண்டு கொலைகளையும் செய்தவன் ஒருவனே என்றும், அவன் இந்தப் பையன் அல்ல என்றும் காட்டினார். மரபணுச் சோதனையால் கொலைப் பழியிலிருந்து மீண்ட முதல் மனிதன் அவன்தான். ஒப்புதல் வாக்குமூலத்தோடு அவன் பன்னிரண்டு ஜூரிகள் முன்னால் நிறுத்தப்பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே எனக்குப் பதைக்கிறது.

அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரப் போலீசாரால் 2020 ஜனவரியில், முகம் அறியும் மென்பொருள் தவறாகக் காட்டிய பொருத்தத்தால் ஒருவர் கைதானதை எதிரணியினர் எடுத்துக்காட்டினார்கள். அது கொடுமைதான், மறுக்கமாட்டேன். ஆனால் விசாரணை அறையில் அவர் கேமராவில் பதிவான குற்றவாளியின் படத்தைத் தம் முகத்தருகே பிடித்துக் காட்டினார். அதில் இருந்தவர் வேறு ஆள் என்பதைக் கண்ணாலேயே பார்க்க முடிந்தது. பிழை எல்லோரும் பார்க்கும்படி மேசைமேல் கிடந்தது; காரணம் எழுதாத ஜூரியின் பிழையை அப்படிப் பார்க்க வழியில்லை.

ஆகவே கருவி சொன்னதை அப்படியே ஏற்கும்படி எங்கள் அணி கேட்கவில்லை. தடய மாதிரியின் ஒரு பகுதியைப் பாதுகாத்து வைக்க வேண்டும். ஆய்வுக்கூடத்தின் குறிப்புகள் முழுவதையும் எதிர்த்தரப்பு வழக்கறிஞரிடம் தர வேண்டும். அவர் விரும்பினால் வேறோர் ஆய்வுக்கூடத்தில் மறுசோதனை செய்ய இடம் இருக்க வேண்டும். இவை நடக்கக்கூடியவை என்பதால்தான் நாங்கள் தொழில்நுட்பத்தின் பக்கம் நிற்கிறோம்.