இன்னும் எத்தன பேப்பர் பாக்கி?

வணக்கம். மைக்குக்கு முன்னாடி உக்காந்து பேசுறது எனக்குப் புதுசு, 25 வருஷத்துக்கும் மேலா நான் கண்ணாடிக்கு அந்தப் பக்கம்தான், சவுண்ட் இன்ஜினியர். படிப்பா கனவான்னு பேசணும்னு கேட்டதும் உடனே சரின்னுட்டேன், ஏன்னா வடபழனியில எங்க ஸ்டுடியோ வாசல்ல அடிக்கடி ஒரு பையன் வந்து நிப்பான், அண்ணா தேர்ட் இயர் படிக்கிறேன், டிஸ்கன்டினியூ பண்ணிட்டு உங்ககிட்ட சேந்துடட்டுமாம்பான். நான் மொதல்ல கேக்குறது ஒண்ணுதான். இன்னும் எத்தன பேப்பர் பாக்கி?

பாதி பேருக்கு பதில் தெரியாது. யோசிச்சு விரல் விட்டு எண்ணுவான், எண்ணி முடிச்சா பதினொண்ணு, பன்னெண்டு வரும். அரியர் ஒரு ரெண்டு. அவ்வளவுதான், அதுக்கு மேல ஒண்ணும் இல்ல. காலேஜ் வாழ்க்கை முழுக்க கழுத்த நெரிக்குதுன்னு நெனச்சிட்டு வந்தவனுக்கு அது பன்னெண்டு பேப்பரா தெரிய ஆரம்பிக்கும்.

எனக்கு 1999ல யாரும் இப்படி கேக்கல. இன்ஜினியரிங் மூணாவது வருஷம் முடிஞ்சிருந்தது, ரெண்டு செமஸ்டரும் மூணு அரியரும் பாக்கி, ஒரு திங்கக்கெழம காலேஜ் பஸ்ஸ விட்டுட்டு 12பி புடிச்சு ஸ்டுடியோவுக்குப் போயிட்டேன். வீட்டுல சொல்லல, டிபார்ட்மென்ட்லயும் சொல்லல. மொத ஆறு மாசம் என்ன வேல தெரியுமா, கேபிள் சுத்துறது. மைக் கேபிள ஒரு சுத்து நேரா விட்டு அடுத்த சுத்த உள்பக்கமா திருப்பி விடணும், அப்பதான் மறுநாள் தூக்கிப் போட்டா முறுக்கில்லாம ஓடும், எல்லாத்தையும் ஒரே பக்கமா முழங்கையில சுத்தினா உள்ள இருக்குற வயர் முறுக்கிக்கிட்டு கொஞ்ச நாள்ல கரகரன்னு சத்தம் போட ஆரம்பிச்சிடும். அந்த வேல எனக்குப் புடிச்சிருந்தது, நெஜமாவே புடிச்சிருந்தது. அதனால விட்டது தப்புன்னு இன்னிக்கும் சொல்லமாட்டேன். விட்ட விதம்தான் தப்பு. ஒரு லெட்டர் குடுக்கல, என் ப்ளஸ் டூ மார்க் ஷீட்டு டிசி எல்லாம் காலேஜ்லயே மாட்டிக்கிச்சு, மிச்ச ஃபீஸ் கட்டினாதான் தருவோம்னாங்க, ரெண்டு வருஷம் அலைஞ்சேன். ஒரிஜினல் சர்டிபிகேட்ட காலேஜ் புடிச்சு வெக்கக்கூடாதுன்னு யூஜிசி, அதான் பல்கலைக்கழக மானியக் குழு, 2018லயே சொல்லிடுச்சு, இத கேக்குற பசங்க ஞாபகம் வெச்சுக்கோங்க.

சரி, இப்ப ஒரு பேரு வரும். எல்லா பையனும் சொல்ற பேரு. அண்ணா, ராமானுஜன் டிகிரி முடிச்சாரா? இதுக்கு பதில் சொல்லியே ஆகணும், கொஞ்சம் நேரம் ஆனாலும் பரவாயில்ல.

முடிக்கல. கும்பகோணம் காலேஜ்ல கணக்க தவிர வேற எதையும் படிக்காம ஸ்காலர்ஷிப் போச்சு, அப்புறம் இங்க பச்சையப்பன்ல சேந்து அங்கயும் எஃப்.ஏ., அதான் டிகிரிக்கு முன்னாடி எழுதுற அந்தக் காலத்து பரீட்ச, பாஸ் ஆகல. இது வரைக்கும்தான் பசங்களுக்குத் தெரியும், இதுக்கப்புறம் நேரா கேம்பிரிட்ஜ். நடுவுல இருக்குற வருஷங்கள யாரும் சொல்றதே இல்ல. 1907லேர்ந்து 1912 வரைக்கும் அந்த மனுஷனுக்கு நெலையான வேல இல்ல, நோட்டு புக்க கக்கத்துல வெச்சுக்கிட்டு வீடு வீடா ஏறி எறங்கினாரு, பேப்பர் வாங்க காசில்லாம சிலேட்டுல கணக்கு போட்டு முழங்கையாலயே அழிச்சாரு. 1912 மார்ச்ல மெட்ராஸ் போர்ட் டிரஸ்ட்ல கிளார்க் வேல கெடச்சுது, மாசம் 30 ரூபா. அந்த 30 ரூபாதான், நான் திரும்பத் திரும்ப சொல்றது அந்த 30 ரூபா, அது வந்தப்புறம்தான் 1913 ஜனவரியில கேம்பிரிட்ஜ்ல இருந்த கணித அறிஞர் ஹார்டிக்கு லெட்டர் போறது. அந்த லெட்டர்ல மொதல்லயே எழுதறாரு, நான் போர்ட் டிரஸ்ட்ல ஒரு கிளார்க்குன்னு. அதே வருஷம் மெட்ராஸ் யுனிவர்சிட்டி மாசம் 75 ரூபா ஸ்காலர்ஷிப் குடுத்துச்சு, 1916ல கேம்பிரிட்ஜ் அவரோட ஆராய்ச்சிக்காக பி.ஏ.வும் குடுத்துச்சு. அதனால ராமானுஜன் பேர சொல்றவன்கிட்ட நான் கேப்பேன், தம்பி உன் 30 ரூபா எங்கேர்ந்து வருது, அந்த அஞ்சு வருஷம் உன் வீடு தாங்குமா? அவருக்கு அந்தக் கணக்கு கைவசம் இருந்துச்சு, அப்படி இருந்தும் அஞ்சு வருஷம்.

எனக்கு அந்த டிகிரி எப்ப தேவப்பட்டுதுன்னா 2008ல. ஒரு காலேஜ்ல சவுண்ட் சொல்லிக்குடுக்க கூப்பிட்டாங்க, டெமோ கிளாஸ் எடுத்தேன், பசங்க பெல் அடிச்சும் எழுந்து போகல. ஆபீஸ்ல ஃபார்ம் குடுத்தாங்க, யூஜின்னு ஒரு கட்டம் இருந்தது, அத நிரப்ப என்கிட்ட ஒண்ணும் இல்ல. அந்த வருஷமே கரஸ்ல, அதான் தபால் வழியில, பி.ஏ. சேந்தேன். எக்ஸாம் ஹால்ல எனக்கு முன்னாடி ஒரு போலீஸ்காரர், பின்னாடி பேரன் பேத்தி எடுத்த ஒரு அம்மா, அவங்க பதட்டத்துல ஹால் டிக்கெட்ட முந்தானையில முடிஞ்சு வெச்சிருந்தாங்க. முடிக்கும்போது எனக்கு 32 வயசு. இருபதுல ஒரு வருஷத்துல முடிய வேண்டியது.

அதனால பையன்கிட்ட சொல்றது, செமஸ்டர் லீவுல வந்து கேபிள் சுத்து, லீவு முடியும்போதும் ஆச இருந்தா பேசலாம். அப்பவும் விட்டுத்தான் ஆகணும்னா பிரேக் ஆஃப் ஸ்டடி, அதான் படிப்ப கொஞ்ச நாள் நிறுத்தி வெச்சுட்டு திரும்ப வந்து சேர அனுமதி, கெடைக்குமான்னு எழுதிக் கேளு, கோர்ஸ முடிக்க எத்தன வருஷம் கெடுன்னு ரெகுலேஷன்ல பாரு. ப்ளஸ் டூ படிக்கிற பசங்களா இருந்தா தரமணி ஃபிலிம் இன்ஸ்டிட்யூட்ல இதுக்குன்னே படிப்பு இருக்கு, கனவும் படிப்பும் ஒரே பஸ்ல.

ஐயோ, ஒரு நிமிஷம்னு கை காட்டுறாங்க. செஸ் ஆட்டக்காரர் விஸ்வநாதன் ஆனந்த் 1988ல கிராண்ட்மாஸ்டர் ஆகி லயோலால பி.காம்.மும் முடிச்சது பத்தி சொல்ல வந்தேன், முடியாது போல. பெத்தவங்களுக்கு மட்டும் ஒண்ணு. புள்ள இந்தப் பேச்ச எடுத்தா கத்தாதீங்க, அவன் போகணும்ங்குற எடத்துக்கு ஒரு நாள் கூடப் போய் உக்காருங்க. எங்கப்பா எட்டு வருஷம் கழிச்சுதான் வந்தாரு, ஒரே ஒரு தடவ. ரெக்கார்டிங் முடியற வரைக்கும் ஓரமா சேர்ல உக்காந்திருந்தாரு, கெளம்பும்போது தரையில கெடந்த கேபிள எடுத்து முழங்கையில சுத்தி எங்கிட்ட குடுத்தாரு. தப்பான சுத்துதான். நான் அத பிரிக்காம அப்படியே ஆணியில மாட்டினேன். நேரம் முடிஞ்சிடுச்சு, வணக்கம்.