கோடையில் வரும் தொண்டாசிரியர்களும் படுவான்கரைப் பாடசாலைகளும்

அன்பார்ந்த நேயர்களே, வணக்கம்.

வெளிநாட்டு இளைஞர்கள் தங்கள் கோடை விடுமுறையில் நம் கிராமப் பாடசாலைகளுக்கு வந்து ஆங்கிலம் கற்பிப்பதைப் பற்றிப் பேசுமாறு நிலையத்தார் அழைத்தபோது உடனே இசைந்தேன். ஆங்கிலப் பாட ஆசிரிய ஆலோசகராக, மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையின் பாடசாலைகளுக்குப் போய்வந்த காலம் முழுவதும், இவ்விளைஞர்களின் நல்லெண்ணத்தை எப்படிப் பயன்படுத்திக்கொள்வது என்ற கேள்வி என்னை விட்டதில்லை.

கடல் கடந்து வந்தவர்கள் கற்பிப்பது மட்டக்களப்புக்குப் புதிதன்று. 1814இல் மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் இங்கு வந்து பள்ளிக்கூடம் தொடங்கினார். மறு ஆண்டே இம்மண்ணில் இறந்தார். அமெரிக்காவிலிருந்து வந்த இயேசு சபைத் துறவி வெபர் அடிகளார் பல பத்தாண்டுகள் நம்மோடு வாழ்ந்தார். நகரின் விளையாட்டு மைதானம் இன்றும் அவர் பெயரால் அழைக்கப்படுகிறது. 1961இல் தொடங்கப்பட்ட அமெரிக்க அரசின் பீஸ் கோர் அமைப்பிலும், தொண்டர் ஒருவர் உள்ளூர் மொழியோடு சேர்த்து ஏறக்குறைய மூன்று மாதப் பயிற்சி பெற்று, அதன்பின் இரண்டு ஆண்டுகள் பணியாற்றுவதே வழக்கம். இன்று நம்மிடம் வருவோர் மூன்று அல்லது நான்கு வாரங்கள் தங்குபவர்கள். அதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் மூன்று வாரத்தில் எந்தப் பாடத்தையும் கற்பித்து முடிக்க இயலாது என்பதை அவர்களும் நாமும் முதலிலேயே ஒப்புக்கொள்ள வேண்டும். ஆகவே அவர்களிடம் வகுப்பை ஒப்படைக்காதீர்கள்; வகுப்பு ஆசிரியருக்குப் பக்கத்தில் இடம் கொடுங்கள். இன்று நான் சொல்ல வந்தது இது ஒன்றுதான். இதையே வேறு வேறு விதமாகச் சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கிராமத்தில் நான் கண்டதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். ஸ்கொட்லாந்திலிருந்து வந்த ஒரு பல்கலைக்கழக மாணவி, அழகான பட அட்டைகளை ஒரு பெட்டி நிறையக் கொண்டுவந்திருந்தார். அப்பிள், பனிமனிதன், சிவப்பு நிறப் பேருந்து என்று ஒவ்வொன்றாக உயர்த்திக் காட்டினார். பிள்ளைகள் கூரை அதிரப் பெயரைச் சொன்னார்கள். ஆனால் அதற்கு மேல் ஒரு பிள்ளையும் வாய்திறந்து பேசவில்லை. படத்தில் இருப்பது அப்பிள் என்பது கேட்பவருக்கும் தெரியும், சொல்பவருக்கும் தெரியும். தெரிந்ததையே கேட்டால் பேச்சு எங்கிருந்து வரும்?

அந்த வாரக் கடைசியில் பாடசாலைக் கொட்டிலுக்குக் கூரை வேயும் சிரமதானம் நடந்தது. தென்னோலைகளை நடுவே கிழித்து, வாவித் தண்ணீரில் ஊறவைத்து எடுத்து, பெற்றோரும் பிள்ளைகளும் மர நிழலில் இருந்து கிடுகு பின்னிக்கொண்டிருந்தார்கள். அந்த மாணவியும் ஓர் ஓலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். இரண்டாவது ஈர்க்கிலேயே பின்னல் குலைந்துவிட்டது. பிள்ளைகள் சிரித்தார்கள். பக்கத்தில் நின்ற ஆங்கில ஆசிரியை, நம் மாவட்டத்துப் பெண், ஒரு நிபந்தனை போட்டார்: மிஸ்ஸுக்குச் சொல்லிக் கொடுக்கலாம், ஆனால் தமிழில் ஒரு சொல்லும் பேசக் கூடாது. வகுப்பில் தலை நிமிராத, ஏழாம் தரத்துப் பையன் ஒருவன் எழுந்து அவருக்கு முன்னால் குந்தினான். "நோ மிஸ், நோ. ஒன் அண்டர், ஒன் ஓவர். நொட் திஸ் லீஃப், நெக்ஸ்ட் லீஃப். புல், மிஸ், புல்!" என்று அவன் சொன்னதைக் கேட்டு அந்த ஆசிரியை என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை இங்கு எப்படி விவரிப்பது! இலக்கணத்தை விடுங்கள். அவனுக்குத் தெரிந்த ஒன்று அவருக்குத் தெரியவில்லை. ஆகையால் அவன் பேசினான்.

எனக்கு மிகவும் பிடித்தது அதன் பின்கதை. மாணவி ஊர் திரும்பிவிட்டார். மறு ஆண்டு வெளிநாட்டார் எவரும் வரவில்லை. ஆசிரியை அந்த முறையை விடவில்லை. நாள்தோறும் நகரிலிருந்து பேருந்தில் வந்துபோகும் அவருக்கு அறுந்த மீன்வலையைச் சீர்செய்யத் தெரியாது, எருமைப்பாலில் உறை போட்டுத் தயிர் எடுக்கும் பக்குவம் தெரியாது, பிள்ளைகளுக்குத் தெரியும். அவர் கேட்பவரானார், பிள்ளைகள் ஆங்கிலத்தில் சொல்பவர்களானார்கள். மாணவி தனியாக அந்த வகுப்பை நடத்தியிருந்தால், இம்முறையும் அவருடைய பயணப் பெட்டியோடு போயிருக்கும்.

அடுத்தது நாட்காட்டி. இதைப் பற்றி நான் பேசத் தொடங்கினால் நண்பர்கள் எழுந்து போய்விடுவார்கள். வானொலியில் அந்தத் தொல்லை இல்லை. ஐரோப்பியக் கோடை விடுமுறை உச்சத்தில் இருப்பது ஆகஸ்டில். நம் வழமையான தவணை ஒழுங்கின்படி ஆகஸ்டில் நமக்கும் விடுமுறை. ஆவலோடு வருகிறவர் பூட்டிய பாடசாலையின் முன்னால், கச்சான் காற்றுப் புழுதியில் நிற்பார். அவருக்காக விடுமுறையில் பிள்ளைகளை அழைத்து வருகிறோம். அந்நேரம் வகுப்பாசிரியர் தம் வீட்டில் இருப்பார். சேர்ந்து கற்பிப்பது அங்கேயே முறிந்துபோகிறது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் மே மாதத்திலேயே வகுப்புகள் முடிந்துவிடுகின்றன. நம் இரண்டாந் தவணையோ சித்திரைப் புத்தாண்டுக்குப் பின் தொடங்கிவிடும். மே, யூன் மாதங்களில் வரச் சொல்லுங்கள். பாடசாலை திறந்திருக்கும்; வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில்களில் கதவு திறந்து, அம்மனைக் குளிர்விக்கும் குளிர்த்திப் பாடல்களைப் பாடுவதையும் அவர்கள் பார்த்துப் போகலாம். அம்பாறைக் கரையோரத்து முஸ்லிம் பாடசாலைகளுக்கு நோன்பையொட்டித் தவணைகள் மாறும் என்பதால் அங்கே தனியாக விசாரிக்க வேண்டும்.

நேரம் நெருங்குவதாகக் கண்ணாடிக்கு அப்பாலிருந்து சைகை காட்டுகிறார்கள். கனடாவிலும் சுவிஸிலும் பிறந்து, அம்மம்மாவின் ஊரைப் பார்க்க வரும் நம் பிள்ளைகளைப் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன். சுருக்கமாகச் சொன்னால், அவர்களையும் இப்படியே வகுப்பாசிரியரோடு சேர்த்துவிடுங்கள். தமிழில் தடுமாறும் அவர்களும் ஆங்கிலத்தில் தடுமாறும் நம் பிள்ளைகளும் ஒருவரையொருவர் பார்த்து வெட்கப்பட வேண்டியதில்லை. இன்னொன்று பாதுகாப்பு. வந்தவர் எவராயினும் பிள்ளைகளோடு தனியே விடாதீர்கள். பெற்றோரின் சம்மதமின்றிப் படமெடுக்க விடாதீர்கள். ஐயம் எழுந்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். அடுத்த ஆண்டு விருந்தினரை எதிர்பார்க்கும் அதிபர்கள், முதலாந் தவணை முடியுமுன்பே அவர்களுக்குத் தவணைத் திகதிகளையும், யாரோடு சேர்ந்து கற்பிக்கப் போகிறார்கள் என்பதையும் எழுதி அனுப்பிவிடுங்கள்.

நன்றி, வணக்கம்.