சமத்தாகத் தூங்கும் குழந்தையை எழுப்பிப் பாருங்கள்

[திரையில்: துணியில் சுற்றிய பச்சிளங்குழந்தை, கண் மூடியபடி]

பிரசவ வலி இழுத்துக்கொண்டே போனது. கடைசியில் வாக்குவம், அதாவது தலையில் உறிஞ்சு கிண்ணம் வைத்து எடுத்தார்கள். குழந்தை உடனே அழவில்லை, மூச்சுக் கொடுக்க வேண்டியிருந்தது. இப்போது அசையாமல் தூங்குகிறது. பார்க்க வந்தவர்கள், "எவ்வளவு சமத்து!" என்கிறார்கள். அந்தச் சமத்தைத்தான் கொஞ்சம் சந்தேகப்பட வேண்டும்.

பிறக்கும்போது ஆக்சிஜன் குறைந்துபோன குழந்தை பல நேரம் அடங்கிப்போய்க் கிடக்கும். சில குழந்தைகள் நேர்மாறாக வீல் வீல் என்று ஓயாமல் அழும். அதையும் விட்டுவிடக் கூடாது.

சரி, எப்படிப் பார்ப்பது? பால் நேரத்துக்கு எழுப்புங்கள். சுற்றிய துணியை விலக்கி உள்ளங்காலைத் தேயுங்கள். முகம் சுளித்து, கண் திறந்து, மார்பைத் தேடினால் நல்லது. எழுப்பியும் எழவில்லை, தூக்கிய கை துணிபோலத் துவண்டு விழுகிறது, காம்பை வாயில் வைத்தும் சப்பவில்லை என்றால் உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள்.

[திரையில்: குழந்தையின் கை, மிக நெருக்கத்தில்]

அப்புறம் ஃபிட்ஸ், அதாவது வலிப்பு. பெரியவர்களுக்கு வருவது மாதிரி பச்சிளங்குழந்தைக்கு வராது. வாய் சும்மா சப்புக்கொட்டும், கால்கள் சைக்கிள் மிதிக்கும், கண் ஒரே பக்கம் நிலைகுத்தும். கை நடுங்கினால் மெதுவாகப் பிடித்துப் பாருங்கள். பிடித்ததும் நின்றால் பெரும்பாலும் வெறும் நடுக்கம். ஆனால் அடிக்கடி வந்தால் ரத்தத்தில் சர்க்கரையைப் பார்க்கச் சொல்லுங்கள். பிடித்த பிறகும் துடித்தால் ஃபிட்ஸாக இருக்கலாம். ஒருவர் டாக்டரைக் கூப்பிடட்டும், இன்னொருவர் போனில் வீடியோ எடுக்கட்டும்.

'காலையில் பார்த்துக்கொள்ளலாம்' என்று ஏன் இருக்கக் கூடாது? ஆக்சிஜன் குறைந்து மூளை பாதிக்கப்பட்ட குழந்தையின் உடலைச் சுமார் 33.5 டிகிரி செல்சியஸுக்குக் குளிர்வித்து 72 மணி நேரம் வைத்திருக்கும் சிகிச்சை இருக்கிறது. பிறந்த 6 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். அது தீவிர சிகிச்சைப் பிரிவில் மட்டுமே செய்வது. நீங்கள் குழந்தையைக் கதகதப்பாகத்தான் வைத்திருக்க வேண்டும்.

மூச்சு நிமிடத்துக்கு 60-ஐத் தாண்டினாலோ, மூச்சு விடும்போது முனகினாலோ, விலா எலும்புக்கு அடியில் குழி விழுந்தாலோ காத்திருக்காதீர்கள். முதல் நாளில் கைகால் நீலமாக இருப்பது சகஜம். உதடும் நாக்கும் நீலமானால் அவசரம்.

வாக்குவம் வைத்த இடத்தில் வீக்கம் இருக்கும், தானாக வடியும். அது தலை முழுக்கத் தளதளவென்று பரவி, குழந்தையும் வெளிறிப்போனால் உள்ளே ரத்தம் கசியலாம், அதுவும் அவசரம். ஒரு கை மட்டும் அசையாவிட்டால் தோள் நரம்பு இழுபட்டிருக்கலாம். பல குழந்தைகளுக்குச் சரியாகிவிடும், ஆனாலும் டாக்டரிடம் காட்டுங்கள்.

கூப்பிடும்போது "ஒரு மாதிரி இருக்கு" என்று மட்டும் சொல்லாமல், "கடைசியாக இத்தனை மணிக்குக் குடித்தது, இப்போது எழுப்பியும் எழவில்லை" என்று சொல்லுங்கள். ஓடி வருவார்கள்.