கருப்பட்டித் தண்ணியில் ஸ்கிரீன் பிரிண்ட்

வணக்கம் மக்களே. படம் கொஞ்சம் ஆடினால் கோவிச்சுக்காதீங்க, பாளையங்கோட்டையில் ஆடிக் காத்து ஆரம்பிச்சாச்சு, மொட்டை மாடியில் ஸ்டாண்ட் நிற்கவே மாட்டேன் என்கிறது.

இந்த டப்பாவில் இருப்பது கடையில் வாங்கின மை இல்லை. துருப்பிடித்த ஆணி, கருப்பட்டி, தண்ணீர், அவ்வளவுதான். மூன்று வாரமாக ஊறுது, மூடியைத் திறந்தால் புளிச்ச கள்ளு வாடை. கலம்காரி, அதாவது துணியில் இயற்கைச் சாயத்தால் படம் வரைகிறவர்கள் கறுப்புக்கு வெல்லத்தையும் இரும்பையும் இப்படித்தான் ஊறப்போடுவார்கள், நான் வெல்லத்துக்குப் பதிலாக வீட்டில் இருந்த உடன்குடிக் கருப்பட்டியை உடைத்துப் போட்டேன். ஆச்சி பார்த்துவிட்டு, "ஏட்டி, நல்ல கருப்பட்டியப் போயி துரு ஆணியில கொட்டியிருக்கியே, ஒனக்குக் கிறுக்கா?" என்றாள்.

அவர்கள் மூங்கில் குச்சியால் வரைகிறதை ஸ்கிரீனில், அதாவது சட்டத்தில் இழுத்துக் கட்டின வலை வழியாக, துணியில் இழுத்துப் பார்த்தால் என்ன என்றுதான் ஆரம்பித்தேன். அப்படியே ஊற்றினால் மெஷ், அதான் அந்த வலை, வழியாக ஒழுகி, பூ போட்ட இடமெல்லாம் குளம். கெட்டியாக்க வேண்டும். நெசவில் பாவுக்குக் கஞ்சி போடுகிற புளியங்கொட்டை மாவு இதற்கும் சரியாக வரும்.

ஆனால் இங்கேதான் நான் மண்ணைக் கவ்வினேன். கொட்டையை வறுத்துத் தோலோடு மிக்சியில் அரைத்துவிட்டேன். கூழ் காய்ச்சி, ஆணித் தண்ணியை ஊற்றினதும் கிண்ணத்திலேயே மைக்கறுப்பு! ஆகா, என்ன கறுப்பு என்று சந்தோஷமாக நாலு துணி அடித்துக் காயவைத்து அலசினால், முக்கால்வாசி தண்ணியோடு போய்விட்டது. அப்புறம்தான் புரிந்தது. புளியங்கொட்டைத் தோலில் துவர்ப்பு அதிகம். இரும்பும் துவர்ப்பும் சேர்ந்தால் கறுப்பு, அந்தச் சேர்க்கை துணிக்குள்ளே நடக்க வேண்டும், கிண்ணத்தில் நடந்து முடிந்தால் துணிமேல் சும்மா சேறு பூசினது போலத்தான்.

அதனால் இப்போது தோலை முழுசாக நீக்கி, வெள்ளைப் பருப்பை மட்டும் அரைத்து, கூழை வேட்டித் துணியில் வடிகட்டுகிறேன். ஒரு குருணை இருந்தாலும் மெஷ் அடைத்துக்கொள்ளும். என்னுடையது 43டி, அதாவது சென்டிமீட்டருக்கு 43 இழை. கல்யாணப் பத்திரிகை அடிக்கிற நெருக்கமான மெஷ்ஷில் இந்தக் கூழ் இறங்காது. பதம் இட்லி மாவு.

துணி இதோ, கடுக்காய்ப் பொடியும் எருமைப்பாலும் கலந்த தண்ணியில் நனைத்து உலர்த்தினது. கடுக்காய் துவர்ப்புக்கு, பால் கொழுப்பு சாயம் பரவாமல் இருக்க. லேசான மஞ்சளாக இருக்கு பாருங்க.

சரி, இழுக்கிறேன். ஸ்கிரீனுக்கு அடியில் நாலு மூலையிலும் ஒவ்வொரு ரூபாய்க் காசு, துணிக்கும் மெஷ்ஷுக்கும் அந்த இடைவெளி போதும். ஸ்குவீஜியை, அதான் மை இழுக்கிற ரப்பர் பட்டையை, சாய்த்துப் பிடித்து ஒரே இழுப்பு, நடுவில் நிறுத்தினால் கோடு விழும். தூக்குகிறேன்... கிட்ட வாங்க. ஸ்கிரீன்மேல் செம்மண் நிறத்தில் இருந்த கூழ், துணியில் பட்டதும் ஓரத்திலிருந்து சாம்பல் ஓடி, இந்தா, கறுத்துவிட்டது. இதைப் பத்து தடவை பார்த்தும் எனக்கு அலுக்கவில்லை, கடை மையில் இந்தக் கூத்தெல்லாம் கிடையாது.

இன்னொன்று. ஸ்கிரீனில் டிசைன் போட எமல்ஷன், அதாவது டிசைன் இல்லாத இடத்தில் மெஷ்ஷை அடைக்கிற பூச்சு, பூசக் கொடுத்தால், தண்ணி தாங்குகிற எமல்ஷன் வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்க. பத்திரிகைக்காரர்கள் எண்ணெய் மைக்குப் பூசுகிறது இந்தக் கூழில் ஊறிக் கரைந்துவிடும், நான் சொல்லாமல் விட்டதால் என் முதல் ஸ்கிரீனில் பனைமரம் மூன்றாவது இழுப்பில் மொட்டையாகிவிட்டது. அப்புறம், இரும்பு கூடினால் நாளாக நாளாக அந்த இடத்தில் துணி இற்றுப்போகும். நல்ல சேலையில் கைவைக்காதீங்க, பழைய வேட்டிதான் பழகுவதற்கு.

ஸ்கிரீனை உடனே கழுவணும், கூழ் காய்ந்தால் மெஷ் போச்சு. மேக்கே சாரல் இறங்குது, துணியை எடுக்க ஓடுறேன், ஆச்சியோட வத்தலும் காயுது.