ராகி நெல்லைவிட அதிகத் தண்ணீர் குடிக்கிறதா? 4,478 லிட்டர் கணக்கு!

வணக்கம் மக்களே! ஒரு கிலோ நெல் விளைய 1,673 லிட்டர் தண்ணீர். ராகி, கம்பு மாதிரி சிறுதானியம் ஒரு கிலோ விளைய 4,478 லிட்டர். உலகச் சராசரி இது. மானாவாரியில் ராகியும் சாமையும் போடும் நம் தருமபுரிக்காரர்களுக்குக் கேட்டதும் கோபம் வரும். எனக்கும் வந்தது. ஆனால் கணக்கில் தப்பில்லை.

'தண்ணீர்த் தடம்' என்ற இந்த அளவை 2002இல் நெதர்லாந்தின் ஆர்யன் ஹூக்ஸ்ட்ரா கொண்டுவந்தார். மண்ணில் தங்கிய மழை பச்சை நீர். போர்வெல்லிலும் ஏரியிலும் எடுத்துப் பாய்ச்சுவது நீல நீர். உரம் கலந்து கெட்டதை நீர்த்துப்போகச் செய்யத் தேவைப்படுவது சாம்பல் நீர்.

சரி, இப்போதுதான் விஷயமே!

(திரையில்: பச்சைக் குடம், நீலக் குடம்)

சிறுதானியத்தின் 4,478 லிட்டரில் 4,306 லிட்டர் மழை. நீலம் வெறும் 57! நெல்லுக்கு நீலம் 341, அதாவது ஆறு மடங்கு. மழை எப்படியும் அந்தக் கொல்லையில் பெய்யும், ராகி இல்லாவிட்டால் புல் குடித்துவிட்டுப் போகும். ஆயிரம் அடி போர் தண்ணீர் அப்படியா? அப்புறம் மொத்தம் ஏன் இவ்வளவு? செலவான தண்ணீரை விளைந்த கிலோவால் வகுக்கிறார்கள். விளைச்சல் குறைந்தால் எண் ஏறும். அதே மழைக்கு ஏக்கருக்கு இரண்டு மூட்டை கூட எடுங்கள், எண் சரசரவென்று இறங்கும்.

போன ஐப்பசியில் பென்னாகரம் பக்கம் ஒரு ராகிக் கொல்லையில் நின்றேன். கதிர்கள் விரல் மடக்கிய கை மாதிரி முற்றி நின்றன. சுற்றிலும் ஒரு பைப்கூட இல்லை. வரப்பைத் தாண்டினால் தக்காளி, அதற்கு 5 எச்பி மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. மணிக்கு ஏறக்குறைய 4 யூனிட். இலவச மின்சாரம் என்பதால் யாரும் எண்ணுவதில்லை. எண்ண வேண்டும் என்பது என் கட்சி.

தண்ணீர் மட்டுமில்லை, பூமியைச் சூடேற்றும் வாயுவும் இருக்கிறது. அதனால் யூரியாவையும் சொல்லிவிடுகிறேன். 45 கிலோ மூட்டையில் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், 20.7 கிலோ. ஐ.நா.வின் காலநிலை மாற்றக் குழுவான ஐபிசிசி கணக்குப்படி அதில் நூற்றில் ஒரு பங்கு நைட்ரஸ் ஆக்சைடாகப் பறக்கும், அதில் சேரும் ஆக்சிஜன் எடையோடு சுமார் 325 கிராம். கார்பன் டை ஆக்சைடைவிட 273 மடங்கு சூடேற்றும் வாயு அது. ஆக, மூட்டைக்கு 89 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம்!

விவசாயம் பார்க்கும் அண்ணன்களே, அக்காக்களே, மூன்றே எண் போதும்: மோட்டார் ஓடிய மணி, போட்ட யூரியா மூட்டை, எடுத்த கிலோ. கமெண்டில் போடுங்கள். அடுத்த வீடியோவில் ராயக்கோட்டைத் தக்காளிக்கு அந்த எண்களை வைத்தே கணக்குப் போடுகிறேன்.